மைசூர்பாகு டப்பாவில் ஒரு டைரக்டர்

ஓசூர்
4.8.2008, திங்கள்

அன்புள்ள மேகலாவுக்கு,

உன் வீட்டுக்காரன் சுடலைமுத்து எழுதுவது. சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் நீ சந்தோஷப்பட்டுவிடுவாய். ஆகவே இரண்டுக்கும் நடுவில் இருப்பதாக வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை நீ உத்தனப்பள்ளி பஸ் ஏறியதிலிருந்து போன் அடித்து அடித்து என் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. 'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர்' என்று ஒரு பெண் பேசுகிறாள். மூன்று நாளாக இந்த வீட்டில் கேட்கும் ஒரே பெண் குரல் அதுதான். நேற்று பழக்கதோஷத்தில் அவளிடமே "சாப்ட்டாச்சாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

சமையல் நிலவரம் சொல்கிறேன். உங்கள் ஊர்க் களியைக் கிளறிப் பார்த்தேன். களி பாத்திரத்தை விட்டு வரவில்லை. கவிழ்த்துத் தட்டினேன். எதிர்வீட்டு மங்கம்மா ஜன்னலில் தலையை நீட்டி, "என்னா சார், வீட்டுலயே பிரஸ்ஸு போட்டுட்டீங்களா?" என்றாள். அதோடு விட்டாளா? "மேகலாக்கா எப்ப வருவாங்க? கோர்ட்டு விசயமாமே?" என்றும் கேட்டாள். சம்மன் கொண்டுவந்த ஆள் நம் வீட்டு விலாசத்தை அவளிடம்தான் விசாரித்தானாம். அவளிடம் விசாரித்தால் அது அரசிதழில் வெளியிட்ட மாதிரி. இப்போது தெருக்கோடி இஸ்திரி வண்டிக்காரர்கூட என் சட்டையைப் பரிதாபமாகத் தேய்க்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சம்மனைப் பார்த்து நீ இவ்வளவு பயப்பட வேண்டாம். ஜூன் மாதம் நம் பட்டறையில் முனிவேலுக்குத் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் விரல் போனதல்லவா, அதற்குத் தொழிற்சாலை ஆய்வாளர் போட்ட கேஸ். கம்பெனி என்றால் யாராவது ஒரு டைரக்டர் பேரில்தான் போடுவார்கள். இருப்பதே நாம் இரண்டு பேர். சீட்டுக் குலுக்கியதில் உன் பேர் வந்தது என்று நினைத்துக்கொள். 29ஆம் தேதி கிருஷ்ணகிரி கோர்ட்டில் "ஆமாங்கய்யா, நான்தான் பொறுப்பு" என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும் என்கிறார் வக்கீல். அபராதத்தைக் கட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டை வெளியே முடித்துக்கொண்டு வந்துவிடலாம்.

போனையாவது எடு.

இப்படிக்கு
களிக்கும் உனக்கும் ஏங்கும்
சுடலைமுத்து


உத்தனப்பள்ளி
7.8.2008

ஏங்க,

மேகலா எழுதுகிறேன். அண்ணன் வீட்டில் எல்லோரும் நலம். களி கிளற அடி கனமான பாத்திரம் வேண்டும். மேலே பரணில் இருக்கிறது.

போன் எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. போனில் நீங்கள் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். கல்யாணமான நாளிலிருந்து எல்லாச் சண்டையிலும் நான் சிரித்துத்தான் தோற்றிருக்கிறேன். கடிதம் என்றால் மடித்து வைத்துவிட்டு மறுபடி படிக்கலாம். இரண்டாம் தடவை படிக்கும்போது சிரிப்பு வருவதில்லை.

நான் வந்த அன்றே கோவிந்தன் அண்ணன் கேட்டார்.

"ஏம்மா, அந்தக் கம்பெனிக்குள்ள நீ என்னிக்காச்சும் போயிருக்கியா?"

"ஆயுத பூஜைக்குப் போவேன்ணா."

"பொரி குடுக்கப் போனவ மேலயாம்மா கேசு?"

அண்ணி வேண்டுமென்றே அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சம்மனோடு வைத்திருந்த காகிதங்களைப் படித்தேன். பிளஸ் டூ இங்கிலீஷ்தான், ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு படிவத்தில், தொழிற்சாலையில் சட்டப்படி நடக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு, இதற்கு நான் சம்மதிக்கிறேன் என்று இருக்கிறது. கீழே என் பேர். பேனாவில் போட்டது இல்லை, அச்சடித்தது. பக்கத்தில் ஒரு டிக் குறி.

நான் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்குமா? என் கையெழுத்து நான் இல்லாமல் எப்படி அங்கே போனது?

சிரிக்காமல் பதில் எழுதுங்கள்.

மேகலா


ஓசூர்
10.8.2008, ஞாயிறு

அன்புள்ள மேகலாவுக்கு,

சிரிக்காமல் எழுத முயல்கிறேன். உடம்பு இளைக்க முயல்கிற மாதிரிதான் இதுவும், ஆரம்பம் நன்றாக இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கம்பெனிகள் இனிமேல் எல்லாக் காகிதத்தையும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. கம்ப்யூட்டரில் பேனா ஓடாதே? அதற்குத்தான் டிஜிட்டல் சிக்னேச்சர். சட்டப்படி பேனாக் கையெழுத்துக்குச் சமம். நாம் தொரப்பள்ளிக் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஒரு படிவத்தில் போட்டோ ஒட்டி உன்னிடம் கையெழுத்து வாங்கினேனே, ஞாபகம் இருக்கிறதா? "என்னாதுங்க?" என்று கேட்டாய். "ரேஷன் கார்டு மாதிரி ஒண்ணு" என்றேன். நீ கொசுவத்தில் பின் குத்திக்கொண்டிருந்தாய்.

அப்படி வந்ததுதான் உன் டோக்கன். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், கம்ப்யூட்டரில் செருகுவது. அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. இரும்புச் சாவி இல்லை, நீளமான எண். அதை யாராலும் பார்க்க முடியாது, நகல் எடுக்க முடியாது, வெளியே இழுக்கவும் முடியாது. காகிதத்தைத்தான் அதனிடம் கொண்டுபோக வேண்டும். பாஸ்வேர்டைச் சொன்னால் உள்ளேயே கையெழுத்துப் போட்டு வெளியே தள்ளும். பாஸ்வேர்டைப் பத்துத் தடவை தப்பாக அடித்தால் ஆயுசுக்கும் வாயை மூடிக்கொள்ளும். கையெழுத்து விழுந்த பிறகு படிவத்தில் ஒரு கமாவை நகர்த்தினாலும் கண்டுபிடித்துவிடும். பூமியில் இவ்வளவு பத்திரமான சாமான் வேறு கிடையாது என்று ஆடிட்டர் மாதவன் சொன்னார்.

சொல்லிவிட்டு அதை எங்கே வைத்தார் தெரியுமா? மைசூர்பாகு டப்பாவில். அவரிடம் கணக்கு வைத்திருக்கிற கம்பெனிக்காரர்கள் எல்லோருடைய டோக்கனும் அதில்தான். புருஷன் டோக்கனையும் பெண்டாட்டி டோக்கனையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட், மேலே ஸ்டிக்கரில் பேர், பேருக்குக் கீழே பாஸ்வேர்ட். உன்னுடையது mekala123. என்னுடையதும் mekala123தான். இந்தச் சிப்காட் பேட்டையில் பாதி டைரக்டர்கள் அந்த டப்பாவில்தான் நெய் வாசத்தோடு குடியிருக்கிறோம். அதில் பாதிப் பேர் உன்னை மாதிரி வீட்டம்மாக்கள். ஒருத்திக்கும் தான் அங்கே இருப்பது தெரியாது.

அந்தப் படிவமும் அப்போது போட்டதுதான். சும்மா சம்பிரதாயம். இரண்டு டைரக்டர் கையெழுத்து வேண்டும், சம்மதிக்கிற ஆள் ஒன்று, சாட்சி மாதிரி மற்றவர் ஒன்று. யார் பேராவது போட வேண்டும், உன் பேரைப் போட்டோம். ஊரில் எல்லோரும் இப்படித்தான்.

கோர்ட்டில் நீ "இது என் கையெழுத்து இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதே. சொன்னால் அடுத்த கேள்வி, "பின்னே யார் போட்டது?" அதற்கு வேறு சட்டமாம், வேறு தண்டனையாம். வக்கீல் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். மின்வெட்டு நேரம், விசிறி ஓடவும் இல்லை.

மோகனப்ரியா காலேஜிலிருந்து போன் செய்தாள். "அப்பா, அம்மா பேர்ல கேஸா?" என்றாள். டவர் இல்லை என்று வைத்துவிட்டேன். பெற்ற மகளிடம் டவர் இல்லை என்று பொய் சொன்னவனை நீ பார்த்திருக்கிறாயா? பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வா.

சுடலைமுத்து


உத்தனப்பள்ளி
14.8.2008

ஏங்க,

உங்கள் கடிதம் கிடைத்தது. டப்பாவைப் படித்து அண்ணி சிரித்தாள். நானும் சிரித்தேன். ராத்திரி மறுபடி படித்தேன்.

நேற்று தொரப்பள்ளிக்குப் போய் முனிவேலையும் அவன் பெண்டாட்டி ராசாத்தியையும் பார்த்துவிட்டு வந்தேன். தெருமுனையில் பழம் வாங்கும்போதே கால் பின்வாங்கியது. ராசாத்தி முன்னே மாதிரி "வாங்க்கா" என்று ஓடி வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நீங்கதான் எல்லாத்துக்கும் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களாமே. ஆசுபத்திரில எம்பக்கத்துல ஒக்காந்து கஞ்சி ஊத்திக் குடுத்தீங்களே, அப்ப ஒரு வார்த்த சொல்லலியேக்கா."

எனக்கே தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கையிலிருந்த பழப்பையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

முனிவேல் இடது கையால் டம்ளரைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். எப்படி ஆனது என்று அவனிடம் கேட்டேன். இதுவரை நான் கேட்டதே இல்லை. மெஷின் கோளாறு என்று நீங்கள் சொன்னீர்கள், கேட்டுக்கொண்டேன்.

"கோளாறெல்லாம் இல்லக்கா. அந்த பிரஸ்ஸுல ரெண்டு பட்டன். ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அமுக்குனாத்தான் மேல இருக்கறது கீழ வரும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா உள்ள மாட்டாது இல்ல, அதுக்குத்தான். நம்முதுல ஒரு பட்டன டேப்பு போட்டு ஒட்டியிருந்துச்சு. ஒரு கையால அமுக்கி ஒரு கையால பீஸு வெக்கறது. வேகமா ஓடும்."

"யாருப்பா ஒட்டச் சொன்னது?"

அவன் ராசாத்தியைப் பார்த்தான். ராசாத்தி தரையைப் பார்த்தாள். "அத விடுக்கா, காப்பி குடி" என்றான்.

வீட்டுக்கு வந்து அந்தப் படிவத்தை மறுபடி எடுத்தேன். என் பேருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. முதல் தடவை அதை ஏதோ நம்பர் என்று விட்டுவிட்டேன். அது தேதி. 2008 ஜூன் 10, காலை 11.42. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்.

முனிவேலுக்கு விரல் போனது ஒன்பதாம் தேதி. பத்தாம் தேதி காலையில் நீங்கள்தான் பிளாஸ்க்கை என் கையில் கொடுத்து, "போய் அந்தப் பொண்ணு பக்கத்துல ஆறுதலா இரு" என்று ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனீர்கள். பதினொன்றே முக்காலுக்கு நான் அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?

மேகலா


ஓசூர்
17.8.2008

மேகலா,

எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதினேன், நாலும் வேடிக்கையாகத்தான் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். பதில் எழுதுகிறேன், இன்றைக்கு முடியவில்லை.

சு.


ஓசூர்
21.8.2008, வியாழன்

அன்புள்ள மேகலாவுக்கு,

மாதவன் ஆபீசில் இருந்தேன். உன்னை இறக்கிவிட்டுவிட்டு நேராக அங்கேதான் போனேன்.

டேப்பை ஒட்டச் சொன்னது நான். நாள் முழுக்க மின்வெட்டு, கரண்டு இருக்கிற நேரத்துக்குள் லோடு போக வேண்டும். சரக்குக் கேட்டிருந்த பெங்களூர்க்காரன் காலையிலிருந்து கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தான். "ரெண்டு கையாலயும் பட்டனத் தடவிக்கிட்டு நின்னா என்னைக்குடே முடிக்க? ஒண்ண ஒட்டி விடு" என்று நான்தான் சொன்னேன். அதையும் தமாஷாகத்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். முனிவேலும் சிரித்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம், ஐயோ பையா என்பது இல்லை. கேஸ் யார் பேரில் வரும் என்பதுதான். இதை எழுதாமல் விட்டிருக்கலாம், உனக்குத் தெரியவே போவதில்லை. மாதவன்தான் வழி சொன்னார். "பொம்பளைங்க பேர்ல இருந்தா கோர்ட்டுல கொஞ்சம் இரக்கம் பாப்பாங்க சார். முந்தியே அவங்கதான் பொறுப்புன்னு தேதி போட்டுத் தந்துடலாம்." படிவத்துக்குள் பழைய தேதியைப் போட்டோம். கையெழுத்து மட்டும் தன் தேதியைத் தானே போட்டுக்கொண்டது. அது நாம் சொல்வதைக் கேட்காதாம். அந்த டப்பாவில் வெட்கமுள்ள ஜந்து அது ஒன்றுதான்.

ரப்பர் பேண்டைக் கழற்றி உன் டோக்கனைச் செருகினார், mekala123. உருவிவிட்டு என்னுடையதைச் செருகினார், mekala123. டீ வந்தது, குடித்தேன். டீ ஆறுவதற்குள் நீ சம்மதித்துவிட்டாய், நான் அதற்குச் சாட்சியும் சொல்லிவிட்டேன்.

இரண்டு பட்டன் வைத்தவனும் இரண்டு கையெழுத்து கேட்டவனும் ஒரே பயத்தில்தான் கேட்டிருக்கிறார்கள், ஒரு கை அவசரப்பட்டால் இன்னொரு கை நிறுத்தட்டும் என்று. இரண்டையும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி ஏமாற்றினேன். எனக்கு இருக்கிற ஒரே தொழில்நுட்பத் திறமை இதுதான் போல.

நேற்று மாதவனிடம் போய் உன் டோக்கனைக் கேட்டேன்.

"எதுக்கு சார்? வீட்ல வெச்சா தொலஞ்சிடும்."

"அவகிட்ட குடுக்கணும்."

"அவங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியாதே சார்!"

"தெரியாதவ பேர்ல இத்தன நாளா நாம யூஸ் பண்ணோமேவே."

மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தார். இதோடு கூரியரில் அனுப்பியிருக்கிறேன். பாஸ்வேர்டை மாற்றிக்கொள். எனக்குச் சொல்லாதே.

இன்று காலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய் என் கையாலேயே ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். டேப் ஒட்டச் சொன்னது நான், உன் டோக்கனை வைத்துப் படிவத்தில் கையெழுத்துப் போடவைத்தது நான், உன் மேல் உள்ள வழக்கை என் மேல் மாற்ற வேண்டும் என்று. வக்கீலிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விசிறியைப் பார்த்திருப்பார். ஆய்வாளர் படித்தார். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் திட்டவில்லை. "பேனாவ வெச்சிட்டுப் போங்க, அது ஆபீஸ் பேனா" என்றார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

முனிவேலிடமும் போனேன். அதைப் பற்றி எழுத வரவில்லை. அவன் என்னை உட்காரச் சொன்னான். அவ்வளவுதான்.

மோகனப்ரியாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். கேட்டுவிட்டு அவளும் டவர் இல்லை என்று வைத்துவிட்டாள்.

வாக்குமூலத்தின் நகலையும் வைத்திருக்கிறேன். 29ஆம் தேதி நீ கோர்ட்டுக்கு வந்து பேரைச் சொன்னால் போதும், ஒன்றும் பேச வேண்டாம். உனக்காக எல்லாவற்றையும் நானே எழுதிவிட்டேன்.

உன்
சுடலைமுத்து


உத்தனப்பள்ளி
25.8.2008

ஏங்க,

கூரியர் வந்தது. இத்தனை சின்னதா என்று அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராயக்கோட்டை பிரவுசிங் சென்டரில் அந்தப் பெண் உதவி செய்தாள். பாஸ்வேர்டை மாற்றும்போது அவளைத் திரும்பிக்கொள்ளச் சொன்னேன். டோக்கன் கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்து, இதை ரத்து செய்ய என்ன எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். காரணம் கேட்கிறார்கள். தொலைந்துவிட்டது என்று எழுத மாட்டேன்.

நீங்கள் ஆய்வாளரிடம் போனது நல்லது. எழுதும்போது உங்களுக்கு என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். படித்துவிட்டு நானும் சாப்பிடவில்லை.

ஆனால் அதில் மூன்றாவது வரியில், 'என் மனைவி ஏதுமறியாதவர், கம்பெனி விவகாரம் எதுவும் அவருக்குத் தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டா எழுதினீர்கள்?

எனக்குத் தெரியாது என்பது முழு உண்மை இல்லை. பத்தாம் தேதி பிளாஸ்க்கைக் கொடுத்தபோது எதற்கு அனுப்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ராசாத்தி, "போலீசுல எழுதிக் குடுக்கலாமாக்கா?" என்று கேட்டாள். "அதெல்லாம் எதுக்குடி, சார் பாத்துக்குவாரு" என்றேன். நீங்கள் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். கஞ்சியை ஊற்றிக்கொண்டே சொன்னேன். அவள் தலையாட்டினாள். தொரப்பள்ளி வாசலில் அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதுதான் இருந்தது, அந்தப் படிவம் இல்லை. அன்றைக்கு உங்களுக்கு எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதினேன்.

ஒரு தடவை என் பேரில் குற்றத்தை ஏற்றுக்கொண்டீர்கள். இப்போது என் பேரில் குற்றமில்லை என்று எழுதிவிட்டீர்கள். இரண்டும் நான் பக்கத்தில் இல்லாதபோது நடந்தது.

28ஆம் தேதி ராத்திரி ராசாத்தி வீட்டில் தங்குகிறேன். நேற்று அவளிடம் கேட்டபோது சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலையில் அவர்களோடு பஸ்ஸில் கிருஷ்ணகிரி வருகிறேன். எனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று நானே சொல்லிக்கொள்கிறேன். வக்கீலிடம் எனக்காக எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காதீர்கள், உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்.

கோர்ட் முடிந்து ஓசூர் பஸ் ஏறுவேனா உத்தனப்பள்ளி பஸ் ஏறுவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. செய்தாலும் முன்கூட்டி எழுத மாட்டேன். நீங்கள் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடுவீர்கள்.

மேகலா